திருப்பி மாட்டிய சுவர்

“அந்தச் சுவரைக் கழட்டித் திருப்பி மாட்டுங்க.”

சொல்லிவிட்டேன். காரில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை எதைச் சொல்லக்கூடாது என்று எனக்கு ஓதப்பட்டதோ, அதையேதான் கூட்டத்தில் முதல் வாக்கியமாகச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் முதலாளி தேநீரை உறிஞ்சப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கோப்பை உதட்டில் இருந்தது, தேநீர் உள்ளே போகவில்லை.

அவருக்கு அலுவலகத்தில் ‘மெதுவா சார்’ என்று பெயர். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். சாலையிலும் ரயில் பாதையிலும் சத்தத்தை அளந்து, குறைக்க வழி சொல்கிற நிறுவனம் நடத்துகிறவர் கத்தினால் நன்றாக இருக்காதே. “மெதுவா, மெதுவா” என்று சொல்லியே எல்லாரையும் அமுக்கிவிடுவார். காரிலும் மெதுவாகத்தான் சொன்னார்: “எதை வேணும்னாலும் பேசும்மா. முடிஞ்ச வேலையைப் பிரிக்கச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காத. நம்ம தொழில்ல அது ஒண்ணுதான் பாவம்.”

மேசைக்கு அந்தப் பக்கம் சாலைத் துறையின் பெரிய பொறியாளர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் சுவரைக் கட்டிய கான்ட்ராக்டர். அடுத்த ஊர்வரைக்கும் சத்தத் தடுப்புச் சுவரை நீட்டுவது பற்றிய கூட்டம் அது. என்னைக் கூட்டிப்போனது பேசுவதற்கு அல்ல, லேப்டாப்பைத் திறந்து படம் காட்டுவதற்கு.

பெரிய பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “எந்தச் சுவரம்மா?”

“நீங்க கட்டினது ஒரு சுவர்தான் சார்.”

கான்ட்ராக்டர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. எனக்கு ஒன்றுதான் தெரிந்தது: பல வாரமாக விழுங்கி வைத்திருந்த சொல் வெளியே வந்துவிட்டது. இனி என்ன ஆனாலும் அதை மறுபடி விழுங்க வேண்டியதில்லை.

எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டிய வரிசையில் இருக்கிறது. வாசலுக்கு எதிரே தண்டவாளம், அதைத் தாண்டி நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால் புதிதாக முளைத்த அடுக்குமாடிகள். பிறந்ததிலிருந்து சத்தத்தோடு குடும்பம் நடத்துகிறவர்கள் நாங்கள். ரயில் வந்தால் பேச்சை நிறுத்துவோம். போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடருவோம். அம்மா என்னைத் திட்டும்போது சரக்கு ரயில் வந்துவிட்டால், ஓங்கிய கையை இறக்காமல் கடைசிப் பெட்டிவரை காத்திருந்து, மிச்சத்தைத் திட்டி முடிப்பாள். வெளியாட்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது மூச்சு விடுவதுபோல.

அடுக்குமாடிக்காரர்களுக்கு அது பழக்கமில்லை. மனு மேல் மனு போட்டார்கள், அவர்கள் பக்கம் சாலையோரமாகச் சுவர் வந்தது. இரும்புத் தூண்களுக்கு நடுவே தகரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய நீளச் சுவர். வரட்டும், அவர்கள் தூங்கட்டும், எனக்கு வயிற்றெரிச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து எங்கள் பக்கம் தூக்கம் போனது.

முன்பெல்லாம் ஒரு லாரி வரும், போகும். அடுத்த லாரி வருவதற்குள் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடத்தில்தான் என் அக்கா தூங்குவாள். அவள் செவிலியர், நிரந்தர இரவுப் பணி, பகலில்தான் படுக்கை. சுவர் வந்தபிறகு போன லாரி போகவில்லை. சுவரில் மோதித் திரும்பி வந்து, அது அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேர்ந்தது. ரயிலும் அப்படியே. எங்கள் வீட்டுப் பேச்சில் நிறுத்தம் நீண்டுகொண்டே போய், கடைசியில் அம்மா சைகைக்கு இறங்கிவிட்டாள். சைகையில் திட்டுவது இன்னும் மோசம், எதிர்த்துப் பேச முடியாது.

அக்கா காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தாள். தலையைச் சுற்றித் துண்டு கட்டினாள். கட்டிலை விட்டுச் சமையலறைத் தரைக்குப் போனாள், அங்கிருந்து குளியலறை வாசலுக்கு.

“ஏண்டி, சத்தத்தைக் குறைக்கிற கம்பெனியிலதானே நீ வேலை பாக்கிற? நம்ம வீட்டுக்கு மட்டும் ஏண்டி கூட்டி அனுப்புறீங்க?” என்று கேட்பாள். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டாள். பிறகு சிரிக்காமல்.

ஒரு காலை பணி முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பக்கத்துக் கட்டிலுக்கு ஏத்த வேண்டிய மருந்தை இன்னொருத்தருக்கு ஏத்தப் போயிட்டேன்டி. கூட இருந்தவ கையைப் புடிச்சா. புடிக்கலன்னா?”

ரயில் வந்தது. போகும்வரை காத்திருந்து சொன்னாள்: “தலைமை செவிலியர்கிட்ட சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன். ஒரு உசுரு போய் நான் வீட்டுக்கு வர்றதைவிட, இப்பவே வந்துடறேன்.”

அவள் அந்த வேலைக்குப் போனதால்தான் எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி கல்லூரி வாசலை மிதித்தாள். அந்த ஒருத்தி படித்தது என்ன? ஒலியியல். அக்கா தூங்க முடியாமல் வேலையை விடுகிறாள், நான் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போய் வருகிறேன். எரிச்சல் வருமா வராதா?

ஞாயிற்றுக்கிழமை சத்தம் அளக்கும் அலுவலக மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாடியில் வைத்து அளந்தேன். சுவர் கட்டுவதற்கு முன் எங்கள் நிறுவனம் இதே வரிசையில் அளந்த கணக்கு இருந்தது. ஒப்பிட்டால் மூன்று டெசிபல் கூடியிருந்தது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூன்று டெசிபல் கூடுவது என்றால், சாலையில் ஓடும் வண்டிகள் அத்தனையும் இரட்டிப்பானதற்குச் சமம்.

பிறகு ரயில்வே மேம்பாலத்தில் ஏறி நின்று சுவரைப் பார்த்தேன். எங்களைப் பார்த்தபடி வழவழவென்று வெறும் தகரம். பாலத்தைக் கடந்து அடுக்குமாடிப் பக்கம் இறங்கிப் பார்த்தேன். அங்கே வெளிர்பச்சை நிறம், சல்லடைபோல அழகான துளைகள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கல்லை எடுத்து அடிக்கலாம் என்றும் வந்தது. அதே பலகையின் மாதிரித் துண்டு ஒன்று எங்கள் அலுவலக வரவேற்பறையில் நிற்கிறது. துளைகளில் ஆளாளுக்குப் பேனா செருகி வைத்திருப்போம். அந்தத் துளைகள் அழகுக்கு அல்ல. உள்ளே கம்பளிபோல அடைத்திருக்கும் பஞ்சுக்குள் சத்தம் புகுந்து அடங்குவதற்கான வழி. துளைப் பக்கம் வண்டிகளைப் பார்க்க வேண்டும். இங்கே அது அடுக்குமாடிக் குழந்தைகளின் ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளே முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“கம்பெனி மீட்டரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியா?” என்பதுதான் அவருடைய முதல் கவலை.

“போனேன் சார். சுவரைத் தப்பான பக்கம் பாத்து மாட்டியிருக்காங்க.”

“மெதுவா பேசும்மா. மூணு டெசிபல்தானே? மனுஷன் தும்மினா அதுக்கு மேல வரும். அந்த வரிசையில இருந்து மனு வந்துட்டுத்தான் இருக்கு. எதிர்ப்பக்கத்துக்குச் சுவர் கிடைச்சுருச்சேன்னு பொறாமை, வேற என்ன?”

“நான் அந்த வரிசைதான் சார்.”

“உன்னைச் சொல்லலைம்மா,” என்றார்.

அவருக்குப் புரிந்திருந்தது. பலகை மாட்டும்போது மேற்பார்வை பார்த்தது எங்கள் நிறுவனம். முடிந்ததும் அடுக்குமாடிப் பக்கம் மட்டும் மைக் வைத்து, சத்தம் குறைந்தது என்று சான்று கொடுத்ததும் நாங்கள்தான். குறைந்ததும் உண்மை, எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சுவருக்குப் பின்னால் நிற்பவனுக்குக் குறையத்தான் செய்யும். யாருக்குக் கூடியது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

அதனால்தான் காரில் அத்தனை ஓதல். அதனால்தான் உதட்டில் நின்ற கோப்பை.

“திருப்பி மாட்டறதாவது!” என்றார் கான்ட்ராக்டர். “அழகான பக்கம் ஜனங்களைப் பாத்துத்தானே இருக்கணும்? திறப்பு விழாவுக்கு எல்லாரும் அந்தப் பக்கம்தான் நின்னாங்க. சட்டையை யாராவது உள்பக்கம் வெளியே வச்சுப் போடுவாங்களா?”

“அப்படித்தான் போட்டு விட்டிருக்கீங்க. நாலு மாசமா யாரும் சொல்லல, அவ்வளவுதான்.”

“சார், இந்தப் பொண்ணு புதுசு,” என்றார் முதலாளி, மெதுவாக. “கொஞ்சம் வேகம்.”

பெரிய பொறியாளர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அவர் துடைக்கிற அழகைப் பார்த்தால் யோசிக்கிறாரா, தூங்குகிறாரா என்றே தெரியாது. “வேகம் இருக்கட்டும். எனக்கு இது காதால புரியணும். நேர்ல காட்டுவியா?”

“வாங்க சார்.”

நால்வரும் போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில், சுவரை ஒட்டி அவரை நிறுத்தினேன். முகம் சுவரைப் பார்த்து, முதுகு சாலையைப் பார்த்து.

“கண்ணை மூடுங்க சார்.”

“என்னம்மா இது, கண்ணாமூச்சியா?”

“மூடுங்க சார். லாரி எந்தப் பக்கம் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

மூடினார். தலை நரைத்த அதிகாரி ஒருவர் நெடுஞ்சாலையில் சுவரைப் பார்த்துக் கண்மூடி நிற்கிறார். போகிற வண்டிக்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டி, “என்ன சார், வீட்ல அடிச்சுட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

ஒரு லாரி வந்தது. கடந்தது.

“பின்னால போச்சு,” என்றார். உடனே புருவத்தைச் சுருக்கினார். “இல்ல இரு. முன்னாலயும் போச்சு. சுவத்துக்குள்ள ஒண்ணு போன மாதிரி…”

“அந்தச் சுவத்துக்குள்ள போற லாரிதான் சார் எங்க வரிசைக்கு வருது.”

பராமரிப்புக்காக வைத்த சின்னக் கதவு வழியாக அடுக்குமாடிப் பக்கம் போனோம். அவர் காதைத் துளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். துணி நிறைந்த அலமாரிக்குள் தலையை விட்டதுபோல இருந்திருக்க வேண்டும். சட்டென்று தலையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை ஒரு துளைக்குள் விட்டுக் குத்திப் பார்த்தார். மெத்தென்று போனது.

“உள்ள பஞ்சா?”

“ஆமா சார். சத்தத்தைக் குடிக்கிற பஞ்சு. இந்தப் பக்கம் என்ன சத்தம் இருக்கு, குடிக்க?”

எதிரே ஊஞ்சல் ஒன்று காற்றில் லேசாகக் கிரீச்சிட்டது. அவர் ஊஞ்சலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கான்ட்ராக்டரைப் பார்த்தார். கான்ட்ராக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்தார்; கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இதைத் திருப்பினா மட்டும் போதுமா?”

“போதும் சார். கிரேன் வச்சு மேலே உருவி, திருப்பி, தூணோட அதே பள்ளத்துல இறக்கணும். ஒரு பலகையையும் உடைக்க வேணாம்.”

“அந்தப் பக்கமும் ஒரு சுவர் கட்ட வேணாமா?”

“வேணாம் சார்.”

“அம்மாடி!” என்று நெஞ்சில் கை வைத்தார். “நாலு மாசமா அந்த வரிசைக்காரங்க என் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறாங்க. மூஞ்சியைப் பாத்தா பொய் சொல்ற மாதிரி தெரியல. உங்க சான்றைப் பாத்தா எல்லாம் சரின்னு இருக்கு. இன்னொரு சுவர் கட்டணுமோ, ரயில்வேக்காரன் இடம் தருவானோ மாட்டானோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. இவ்வளவுதானா? திருப்பினா போதுமா?” சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கான்ட்ராக்டர் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. “நாளைக்கே கிரேன் வரணும். அந்த வரிசைக்கு எதிர்ல இருந்து ஆரம்பி.”

உலகத்திலேயே பெரிய பாவம் என்று எனக்குச் சொல்லப்பட்ட வாக்கியம், கேட்டவருக்கு நிம்மதியாகப் போய்விட்டது. இதற்காகவா நான் அத்தனை வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்?

மறுநாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார், அதுவே புதுசு.

“நல்லாத்தான் பேசின. அவருக்கு உன்னைப் பிடிச்சுப் போச்சு. சுவரை நீட்டற வேலையும் நமக்கே வருது. நீதான் போய் அளக்கணும்.” ஒரு வரைபடத்தை என் பக்கம் தள்ளினார். மைக் வைக்க வேண்டிய இடங்களில் சிவப்புப் புள்ளி. எல்லாப் புள்ளியும் சுவர் மறைக்கிற வீடுகள் பக்கம். எதிர்ப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

“எதிர்ப்பக்கம் சார்?”

“அங்க அளந்தாத்தானே அங்க பிரச்சினை இருக்குன்னு தெரியும்?” சிரித்தார். தந்திரம் சொல்லிக்கொடுக்கிற சிரிப்பு. “இனிமே பலகையை எல்லாம் சரியாத்தான் மாட்டுவாங்க. நாம எதுக்கு வேலில போறதை எடுத்து மடியில விட்டுக்கணும்? மெதுவா யோசி. ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லு.”

மறுநாள் மதியம் அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போனேன். எங்களுக்கு எதிரே இருந்த பகுதி முழுவதும் திருப்பியாகிவிட்டது. கிரேன் தள்ளி, அடுத்த வரிசைக்கு எதிரே வேலை செய்துகொண்டிருந்தது. இங்கிருந்து பார்த்தால் இப்போது வெளிர்பச்சையும் துளைகளும் தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது, கான்ட்ராக்டர் சொன்னது பொய் இல்லை.

அம்மா ஜன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “வாடி, இன்னைக்கு என்ன சீக்கிரம்…” என்று ஆரம்பித்து, ரயில் வரவும் நிறுத்திவிட்டாள். கத்தி காற்றில் நின்றது. ரயில் கடந்தது. அதே ரயில், அதே தடதடப்பு. எங்கள் வாசலில் ஓடும் ரயில் பூனைபோலவா போகும்? ஆனால் போனதும் போய்விட்டது. திரும்பி வரவில்லை. அது தந்துவிட்டுப் போன இடத்தில் குழாய் சொட்டுவது கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ இருமுவது கேட்டது. அம்மா இன்னும் காத்துக்கொண்டிருந்தாள், மிச்சம் வரும் என்று.

“முடிஞ்சுடுச்சும்மா. பேசு.”

“அட,” என்றாள். பேச வந்ததை மறந்துபோயிருந்தாள்.

உள்ளே கட்டிலில் அக்கா. காதில் பஞ்சு இல்லை, தலையில் துண்டு இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கிடந்தாள். கொர்ரென்று ஒரு சத்தம்.

“இவ குறட்டை விடுவான்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியாதேடி!” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

“இதுக்கு ஒரு சுவர் கட்டணும்மா.”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து, ஒரு லாரி வருவதையும் போவதையும், அதற்குப் பின்னால் வருகிற அந்தச் சின்ன இடத்தையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சுவர் வந்ததுமே எங்கள் வரிசையையும் யாராவது அளந்திருந்தால் இந்த நாலு மாதம் இருந்திருக்காது. வரப்போகிற சுவருக்கும் எதிர்ப்பக்கம் ஒரு வரிசை இருக்கும். அங்கேயும் யாராவது பகலில் தூங்குவார்கள். அந்த வெள்ளைக் காகிதத்தை நான் தூக்கிக்கொண்டு போவதா?

அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பெரிய போராட்டம் ஒன்றும் மனதில் நடக்கவில்லை. காலிலிருந்து செருப்புக் கழல்வதுபோல அந்த வேலை கழன்றது.

வெயில் இறங்கியபின் அக்கா எழுந்தாள். முகமெல்லாம் தலையணை மடிப்பு. “யாருமே எழுப்பலயா?”

“யாரும் எழுப்பல. எதுவும் எழுப்பல.”

ஜன்னல் வழியே வெளிர்பச்சைச் சுவரைப் பார்த்தாள். பிறகு தலையை முடிந்துகொண்டே, “போன உடனே தலைமை செவிலியர்கிட்ட சொல்லணும், நிக்கலன்னு. ஏற்கனவே ஆள் தேட ஆரம்பிச்சுட்டாங்களோ என்னமோ,” என்றாள்.

நான் வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கு என்ன சொல்லப் போகிறேன் என்பதையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கொட்டாவி விட்டாள். “விடறதுன்னா விடு. உனக்கு வாய் இருக்கு, பொழைச்சுப்ப. ஆனா ஒண்ணு. பட்டப்பகல்ல வந்து, ‘அக்கா, வேலையை விட்டுட்டேன்’னு என்னை எழுப்பின, கொன்னுடுவேன். எந்திரிச்ச பிறகு சொல்லு.”

மறுநாள் நானே முதலாளியின் அறைக்குப் போனேன். வரைபடம் மேசையில் அப்படியே இருந்தது.

“சொல்லும்மா. யோசிச்சியா?”

“எதிர்ப்பக்கமும் அளக்கணும் சார். மனு வர்றதுக்கு முன்னாடியே.”

“மெதுவா…”

“மெதுவாத்தான் சார் சொல்றேன்.”

உண்மையிலேயே மெதுவாகத்தான் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

அவர் வரைபடத்தை மடித்தார். “அப்போ வேற ஆளைத்தான் அனுப்பணும்.”

“அனுப்புங்க. அவங்க வீடு எந்தப் பக்கம்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க.”

மீட்டர் பெட்டியை மேசையில் வைத்தேன். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து அதன் மேல் வைத்தேன். “அவசரப்படாதம்மா, நாளைக்குப் பேசலாம்,” என்று பின்னால் குரல் வந்தது. அந்தக் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அலுவலகத்தில் நாலு பேர் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

வரவேற்பறையில் மாதிரிப் பலகை நின்றது. அதன் துளையிலிருந்து என் பேனாவை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

சாலையில் உச்சி வெயில். பேருந்து ஒன்று என் காதுக்குள் ஹாரன் அடித்துவிட்டு நின்றது. நடத்துனர், “ஏறும்மா, ஏறு,” என்றார். ஏறவில்லை. கையை ஆட்டிவிட்டு நடந்தேன். வீட்டுக்குப் போக அவசரமே இல்லை. அக்கா எழுந்திருக்க இன்னும் நேரம் இருக்கிறது.